எஞ்சின் மானிகளைப் பார்க்கிறேன், ஆனால் ஒன்றும் மனதில் பதியவில்லை. எப்படிப் பழகுவது?

கொழும்புக்கு அருகே இரத்மலானையில் பறக்கப் பழகும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. முள் மானியின் பச்சைப் பகுதிக்குள் நின்றால் போதும் என்று சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை. உங்கள் விமானத்தில் அது வழக்கமாக எங்கே நிற்கும் என்று தெரிய வேண்டும். ஏறும்போதும் மட்டமாகப் பறக்கும்போதும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செஸ்னா 152 பயிற்சி விமானம் ஸ்டார்ட் ஆனதும் 30 செக்கனுக்குள் ஒயில் பிரஷர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள். பறக்கையில் பிரஷர் விழுந்தால் அடுத்து ஒயில் வெப்பநிலையைப் பாருங்கள். அதுவும் ஏறினால் எஞ்சின் எந்நேரமும் நிற்கலாம். இறங்க இடம் தேடுங்கள். வெப்பநிலை அசையாவிட்டால் பிரஷர் மானியே பழுதாக இருக்கலாம், ஆனாலும் அருகிலுள்ள ஓடுபாதையில் இறங்கிவிடுங்கள்.

நம் ஊரில் நான் அதிகம் வற்புறுத்துவது ஆர்பிஎம் மானியை, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தரம் சுற்றுகிறது என்று காட்டும் மானியைத்தான். வெளியே 30 பாகை, சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அந்த ஈரக்காற்றிலும், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டருக்குள் பனி பிடிக்கும். பெற்றோல் ஆவியாவதும் குறுகிய குழாயில் காற்றழுத்தம் குறைவதும் உள்ளே அவ்வளவு குளிராக்கும். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைத் தொடாமலே ஆர்பிஎம் மெல்ல இறங்குவதுதான் அடையாளம். உள்ளே சூடான காற்றை விடும் காபரேட்டர் ஹீட் குமிழை முழுதாக இழுங்கள். முதலில் ஆர்பிஎம் இன்னும் விழும், உருகிய நீர் உள்ளே போகையில் எஞ்சின் குலுங்கும். என் மாணவர் ஒருவர் அந்தக் கணத்தில் பயந்து குமிழை உள்ளே தள்ளிவிட்டார். தள்ளாதீர்கள், பனி போனதும் முள் தானாக ஏறும்.