காரின் முள் 100, கருவியில் 91: எது சரி?

வண்டியின் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வழிகாட்டிக் கருவி (ஜி.பி.எஸ்.) 91 காட்டுகிறது, கருவி பழுதா என்று கேட்டிருந்தீர்கள். பழுதில்லை. நேரான சாலையில் ஒரே சீராக ஓட்டும்போது 91 என்பதையே நம்புங்கள்.

ஸ்பீடோமீட்டர் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். ஐ.நா. வாகன விதி 39-இன்படி அது உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை அனுமதி. அந்தக் கணக்கில் உண்மை வேகம் 91 என்றால் முள் 104 வரை காட்டலாம். கருவியோ செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கொண்டு கணக்கிடுகிறது. ஆனால் திடீரென்று பிரேக் போட்டால் ஓரிரு நொடி பின்தங்கும். சமிக்ஞை எட்டாத சுரங்கப்பாதைக்குள் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

அடுத்து, கருவித் திரையின் கீழே தெரியும் 4:20. இன்னும் நாலு மணி இருபது நிமிடமா என்று மலைத்துவிட்டீர்கள், பாவம்! அது பெரும்பாலும் போய்ச் சேரும் கடிகார நேரம். ஐந்து நிமிடம் டீக்கடையில் நின்று பாருங்கள்: எண் கூடினால் சேரும் நேரம், அப்படியே நின்றால் மீதிப் பயண நேரம். எனக்கும் முதலில் இதே குழப்பம்தான். பல கருவிகளில் அந்த எண்ணைத் தொட்டால் எதைக் காட்ட வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம்.

திரையில் சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் எண் வரைபடத்தில் பதிந்துவைத்த வேக வரம்பு. வரைபடம் பழையதென்றால் அதுவும் பழையதுதான். சாலையோரப் பலகை வேறு சொன்னால் பலகைப்படி ஓட்டுங்கள்.