டோக்கியோவில் ராமென், ஊட்டி அடுப்பில் ராமென்

கேள்வி: வேலை விஷயமாக டோக்கியோ போகிறேன். பன்றி, மாடு சாப்பிடுவதில்லை. ராமென் (ஜப்பானிய நூடுல்ஸ் சூப்) எங்கே கிடைக்கும்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: 'டோன்கொட்சு' என்றால் பன்றி எலும்புச் சாறு. கோழிச் சாறு என்று சொல்லும் கடையிலும் மேலே வைக்கிற 'சாஷூ' துண்டு பெரும்பாலும் பன்றிதான். அதனால் ஆர்டர் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள். நிம்மதியாகச் சாப்பிட டோக்கியோ ஸ்டேஷனுக்குள் 'கெய்யோ தெரு' என்ற கடை வரிசையில் 'டீஸ் டான்டான்' இருக்கிறது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காத கடை. எள் விழுதும் மிளகாய் எண்ணெயும் சேர்ந்த டான்டான் நூடுல்ஸ் நம் நாக்குக்கு நன்றாகவே பிடிக்கும். டிக்கெட் கேட்டுக்கு உள்ளே இருப்பதால் ரயில் ஏறும் நாளில் போவது வசதி. மற்றக் கடைகளில் வாசலில் உள்ள மெஷினில் சாப்பாட்டுச் சீட்டு எடுக்க வேண்டியிருக்கும். பழைய மெஷின்கள் 1,000 யென் நோட்டும் சில்லறையும்தான் வாங்கும்; கையில் வைத்திருங்கள்.

கேள்வி: ஊட்டியில் வீட்டிலேயே ராமென் செய்கிறோம். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு எடுத்தால் நூடுல்ஸ் நடுவில் மாவாக இருக்கிறது, கூட விட்டால் கொழகொழவென்று ஆகிறது. முட்டையும் சரியாக வருவதில்லை.
– வாசகி, ஊட்டி

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினாலும் சூடு அதற்குமேல் ஏறாது. தண்ணீரும் குறைவாக இருந்தால் நூடுல்ஸ் போட்டதும் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதி வருவதற்குள் வெளிமாவு கரைந்துவிடும், உள்ளே வெந்திருக்காது. 100 கிராமுக்கு ஒன்றரை லிட்டராவது தண்ணீர் வையுங்கள். ஒரு தடவைக்கு ஒருவருக்கு மட்டும் போடுங்கள். பாக்கெட் நேரம் முடிந்ததும் 15 வினாடிக்கு ஒருமுறை ஓர் இழையைக் கடித்துப் பாருங்கள்; நடுவில் வெள்ளைப் புள்ளி ஊசிமுனை அளவுக்கு வந்ததும் எடுத்து, நன்றாக உதறுங்கள். சூப்பில் கிடக்கும்போது மீதி வெந்துவிடும்.

ஃப்ரிட்ஜ் முட்டைக்குச் சமவெளியில் ஆறரை நிமிடம் என்றால் உங்களுக்கு 8 நிமிடம். எடுத்த உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள், இல்லாவிட்டால் மஞ்சள் கரு இறுகிவிடும்.

சூப்புக்கு நகம் வெட்டிய கோழிக்காலும் எலும்புமாக 1 கிலோ. குக்கருக்குள்ளும் மலையில் சூடு நாலைந்து டிகிரி குறைவுதான், ஆகவே முக்கால் மணி நேரத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு மூடியைத் திறந்து 20 நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். அந்தக் கொதியில்தான் கொழுப்பும் பசையும் கலந்து சாறு பால்போல் வெளுக்கும். சிறுதீயில் வைத்தால் தெளிவாகவே நின்றுவிடும். கிண்ணத்துக்கு 2 மேசைக்கரண்டி சோயா சாஸ் கலவை, 300 மில்லி சூப்.

உங்கள் ஊர்க் குளிருக்கு, ஜப்பானின் குளிர்ப் பிரதேச நகரமான சப்போரோக்காரர்கள் வழி பொருந்தும். கிண்ணத்தை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சூப் ஊற்றியபின் உருக்கிய கோழிக்கொழுப்பு ஒரு கரண்டி மேலே விடுங்கள். அது படலமாகப் பரவி, மூடி போட்டது மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கும். ஆவி வரவில்லையே என்று மடமடவென்று குடித்துவிடாதீர்கள், நாக்கு வெந்துவிடும்.