பெட்டியைப் பிரித்த பிறகும் மாறிக்கொண்டே இருக்கும் போன்

திரை, கேமரா, பேட்டரி இவற்றோடு நேரடியாகப் பேசும் மென்பொருள் ஒன்று ஒவ்வொரு போனின் அடித்தட்டிலும் இருக்கும். அதில்தான் பல வருடம் வேலை பார்த்தேன். போன் வடிவமைப்பு, அப்டேட், போன் பழசாவது இவை பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், இப்போது வரும் போன்கள் எல்லாமே ஒரே கண்ணாடிப் பலகை மாதிரி இருக்கின்றன. வடிவமைப்பாளர்களுக்குக் கற்பனை வற்றிவிட்டதா?

பதில்: வற்றவில்லை, கண்ணாடிக்கு உள்ளே போய்விட்டது. 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான எச்.டி.சி. ட்ரீமை எடுத்துக்கொள்ளுங்கள். திரையைப் பக்கவாட்டில் தள்ளினால் அடியிலிருந்து விசைப்பலகை வரும். விற்பனைக்கு வந்தபோது அதில் திரைமேல் விசைப்பலகையே கிடையாது. 'சரி' என்று ஒரு வார்த்தை அடிக்கவும் போனைத் திருப்பி, தள்ளித் திறக்க வேண்டும். அடுத்த வருடம் ஆண்ட்ராய்டு 1.5 வந்தது, கூடவே திரையில் விசைப்பலகையும் வந்தது. போன் அதேதான், எடையும் அதேதான். ஆனால் அதன் கீல், சறுக்குப் பாதை, அத்தனை சின்னச் சின்ன விசைகள் எல்லாம் ஒரே அப்டேட்டில் 'இருந்தால் நல்லது' என்ற நிலைக்கு வந்துவிட்டன. கொஞ்ச காலத்தில் புதுப் போன்களிலிருந்து அவை காணாமலே போயின.

மற்ற பட்டன்களுக்கும் இதே கதிதான். 2011-இல் கேலக்ஸி நெக்ஸஸ், பின்செல்லும் பட்டனையும் ஹோம் பட்டனையும் திரைக்குள் இழுத்துக்கொண்டது. 2017-இல் ஐபோன் 10 ஹோம் பட்டனையே எடுத்துவிட்டது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 முழுக்க விரல் இழுப்புக்கு மாறியது. (இந்த இழுப்பு வித்தையை பாம் நிறுவனத்தின் வெப்ஓ.எஸ். 2009-இலும் நோக்கியா என்9 2011-இலும் அழகாகச் செய்து காட்டிவிட்டன. முதலில் செய்தவர்கள் சந்தையில் நிற்கவில்லை, அது வேறு கதை.)

கேள்வி: அண்ணா, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்டன் என்றால் பட்டன்தான். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தலாம், திரையில் அது முடியுமா?

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஐபோன் 7 கையில் கிடைத்தால் ஒன்று செய்து பாருங்கள். ஹோம் பட்டனை அழுத்துங்கள், 'டக்' என்று உள்ளே போவது போலவே இருக்கும். இப்போது போனை அணைத்துவிட்டு அழுத்துங்கள். கல் மாதிரி கிடக்கும். அது அசையவே அசையாத ஒரு வட்டம். உள்ளே இருக்கும் சின்ன அதிர்வு மோட்டார்தான் விரலை ஏமாற்றுகிறது. எவ்வளவு அழுத்தமாக 'டக்' வேண்டும் என்று செட்டிங்ஸில் தேர்ந்தெடுக்கக்கூட முடியும்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. அதற்கு முந்தைய ஐபோன்கள் ஹேங் ஆனால் ஹோம், பவர் இரண்டையும் சேர்த்து அழுத்தி ரீஸ்டார்ட் செய்வோம். மென்பொருள் உறைந்துபோனால் மென்பொருளால் ஆன பட்டனை நம்ப முடியாதே! அதனால் ஐபோன் 7-இல் அந்த வேலை ஒலி குறைக்கும் பட்டனுக்குப் போய்விட்டது. பவர் பட்டனும் ஒலி பட்டன்களும் கடைசிவரை நிஜ பட்டன்களாகவே இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும்.

கேள்வி: வாங்கும்போது குதிரை மாதிரி ஓடிய போன் மூன்று வருடத்தில் ஆமையாகிவிடுகிறது. புதுப் போன் விற்பதற்காக அப்டேட்டில் வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள் என்பது உண்மையா?

பதில்: அதிகம் பேர் கேட்டது இதைத்தான். வேகத்தைக் குறைத்தது உண்மை. காரணம்தான் நாம் நினைத்தது இல்லை.

லித்தியம் பேட்டரி வயதாக வயதாக அதன் உள்தடை கூடும். கேமராவைத் திறந்ததும் சிப் திடீரென்று நிறைய மின்சாரம் கேட்கும். கிழ பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாது, மின்னழுத்தம் சரியும், 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் பட்டென்று அணைந்துவிடும். 2017 ஜனவரியில் ஐபோனின் இயங்குதளத்துக்கு வந்த ஐ.ஓ.எஸ். 10.2.1 அப்டேட் இதற்கு ஒரு வழி செய்தது. பேட்டரி தளர்ந்திருந்தால் சிப்பின் உச்ச வேகத்தைக் குறைத்துவிடும். பொறியாளனாகப் பார்த்தால் நியாயமான வழி. ஆனால் அதைப் போன் வைத்திருப்பவரிடம் தெளிவாகச் சொல்லவில்லை. பேட்டரி மாற்றினால் வேகம் திரும்பிவிடும் என்று தெரியாமல் போனையே மாற்றியவர்கள் எத்தனையோ பேர். அந்த டிசம்பரில் விஷயம் வெளியே வந்ததும் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. 2018 மார்ச்சில் ஐ.ஓ.எஸ். 11.3 வழியாகப் பேட்டரியின் நிலையைக் காட்டும் பக்கமும் வந்தது. அதே வருடம் அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம், அப்டேட்டால் போன்களை மெதுவாக்கியதற்காக ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் அபராதம் போட்டது.

இன்னொரு காரணம் ஸ்டோரேஜ். பிளாஷ் நினைவகத்தில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு பெரிய கட்டத்தை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். காலி இடம் இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. நிரம்பி வழியும்போது ஒரு சின்னப் படத்தைச் சேமிக்கவும் உள்ளே நாலு சாமானை நகர்த்தி வைக்க வேண்டியிருக்கும். 2012-இன் நெக்ஸஸ் 7 டேப்லெட் இப்படித்தான் சில மாதங்களிலேயே தடுமாற ஆரம்பித்தது. எந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று நினைவகத்துக்குச் சொல்லும் 'ட்ரிம்' வசதி ஆண்ட்ராய்டு 4.3-இல் வந்ததும் அது எழுந்து உட்கார்ந்தது. அதாவது மெதுவானதற்கும் மீண்டதற்கும் மென்பொருள்தான் காரணம்.

சதி என்பதைவிட அலட்சியம் என்பதே என் அனுபவம். நான் இருந்த ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், அப்டேட்டைச் சோதிக்கப் பழைய மாடல்கள் வைத்திருந்தோம். எல்லாமே மேசை டிராயரில் தூங்கிய போன்கள். பேட்டரி புதுசு, ஸ்டோரேஜ் காலி. மூன்று வருடப் படங்களும் அறுபது ஆப்களும் அடைந்த நிஜமான பழைய போன் ஒன்றுகூட அங்கே இல்லை. சோதனையில் எல்லாம் பறந்தது!

மனது வைத்தால் எதிர்த் திசையிலும் போக முடியும். 2018-இல் ஐ.ஓ.எஸ். 12 பழைய போன்களின் வேகத்தையே முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டு வந்தது. 2013-இன் ஐபோன் 5எஸ்கூட அதைப் போட்ட பிறகு சுறுசுறுப்பானது.

கேள்வி: அப்படியானால் அப்டேட்டே போடாமல் இருந்துவிடலாமா?

பதில்: கூடாது. பாதுகாப்பு அப்டேட்டை வந்த அன்றே போடுங்கள். பெரிய பதிப்பு மாற்றத்துக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள், மற்றவர்கள் அடிபட்டுச் சொல்லட்டும்.

கேள்வி: நைட் மோடில் எடுத்தால் இருட்டும் பகல் மாதிரி வருகிறது. இது கேமராவின் திறமையா, மென்பொருளின் திறமையா?

பதில்: பெரும்பங்கு மென்பொருள். 2018 நவம்பரில் கூகுள் 'நைட் சைட்' என்பதைப் பிக்சல் போன்களுக்குக் கொடுத்தது. புதிதாக வந்திருந்த பிக்சல் 3-க்கு மட்டுமில்லை, 2016-இன் முதல் பிக்சலுக்கும். ஒரே நாளில் இரண்டு வயதான லென்ஸுக்கு இருட்டில் கண் தெரிந்தது. வரிசையாகப் பல படங்களை எடுத்து, கை நடுக்கத்துக்கு ஏற்ப ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்திச் சராசரி எடுக்கிறது. இருட்டில் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழும். அதனால் சேர்க்கச் சேர்க்க அடங்கிவிடும். நிலையாக இருக்கும் சுவரும் முகமும் மட்டும் மிஞ்சும்.

எனக்கு ஒரு குறை உண்டு. சாயங்காலம் எடுத்த படம் சாயங்காலமாகத் தெரிய வேண்டாமா? அப்டேட் வந்த மறுநாள் அதே லென்ஸ் தோலின் நிறத்தை வேறு மாதிரிக் காட்டும். யாரும் நம்மைக் கேட்பதில்லை.

கேள்வி: முன்பெல்லாம் இரண்டு வருடத்தில் கைகழுவினார்கள். இப்போது ஏழு வருட அப்டேட் என்கிறார்கள். என்ன மாறியது?

பதில்: முன்பு ஆண்ட்ராய்டில் புதுப் பதிப்பு வந்தால் சிப் தயாரிப்பவர் தன் டிரைவர்களை, அதாவது சிப்பை இயக்கும் மென்பொருளை, திருத்தித் தர வேண்டும், அப்புறம் போன் நிறுவனம் அதற்குமேல் வேலை செய்ய வேண்டும். சிப்காரர் 'அது பழைய சிப்' என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8 இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பியது. சிப் பகுதியைத் தொடாமல் மேலே உள்ளதை மாற்றலாம் என்றானது. 2023-இல் பிக்சல் 8, 2024-இல் கேலக்ஸி எஸ்24 ஏழு வருடம் என்று அறிவித்தன. போன் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே வந்துவிட்டது. அங்கே விற்கும் போனின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தாங்க வேண்டும்.

கேள்வி: மென்பொருளால் ஒரு போனைக் கொல்ல முடியுமா?

பதில்: முடியும். 2016-இல் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்த விவகாரத்தில், திருப்பித் தராதவர்களின் போன்களை முதலில் 60 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாமல் தடுத்தார்கள். பிறகு அமெரிக்காவில் சார்ஜே ஏறாதபடி அப்டேட் அனுப்பினார்கள். அது தேவைப்பட்ட கொலை. இதற்கு நேரெதிர் எச்.டி.சி. எச்டி2. 2009-இல் விண்டோஸ் மொபைலோடு பிறந்தது. ஆர்வலர்கள் அதில் ஆண்ட்ராய்டு, விண்டோஸ் போன் என்று ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். நிறுவனம் மறந்த பிறகும் பல வருடம் உயிரோடு திரிந்தது.

கேள்வி: கடைசியாக ஒன்று சார். நீங்கள் என்ன போன் வைத்திருக்கிறீர்கள்?

பதில்: ஐந்து வருடப் பழசு. பேட்டரியை ஒரு முறை மாற்றினேன், பின்பக்கம் முழுக்கக் கீறல். போன மாதம் டெவலப்பர் ஆப்ஷனில் போய் அனிமேஷன் அளவை 1-இலிருந்து 0.5 ஆக்கினேன். சிப் அப்படியேதான் இருக்கிறது, ஒவ்வொரு பக்கமும் திறக்கும் அசைவு மட்டும் பாதி நேரத்தில் முடிகிறது. வீட்டில் ஏதோ தேட என் போனை வாங்கிய என் மகள், "அப்பா, சொல்லாமலே புதுசு வாங்கிட்டீங்களா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறலைப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.