பரணில் கிடக்கும் படம்

கேள்வி: 76 வயதான என் அப்பா, நாகை பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் காலமெல்லாம் இருந்தவர். டிசம்பர் 25 வந்தால் வெண்மணிக்குப் போய்விடுவார். கூடத்தில் சோவியத் ரஷ்யாவை ஆண்ட ஸ்டாலின் படம் மாட்டியிருந்தார். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், "இவர் லட்சக்கணக்கான பேரைக் கொன்றவராமே தாத்தா?" என்று கேட்ட நாளிலிருந்து அவளோடு பேச்சே இல்லை. அவர் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தபோது படத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். ஒரு சர்வாதிகாரியைக் கொண்டாடுவது தப்பு என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, படத்தைக் கழற்றியதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். என்னால் கடக்க முடியவில்லை. கண்ணில் கட்டோடு அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரமா கிடைத்தது உங்களுக்கு? பார்வை தெளிந்து வீட்டுக்கு வந்தவர் கண்ணில் வெறும் ஆணி பட்டிருக்கும்.

நீங்கள் வெறுக்கிற ஆட்சியின் பழக்கம் அது. மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ் நிற்கும் படம் ஒன்று உண்டு. 1940இல் அவரைச் சுட்டுக் கொன்ற பிறகு படத்திலிருந்தும் அழித்துவிட்டார்கள். அவர் நின்ற இடத்தில் இப்போது தண்ணீர்தான் தெரியும். பயந்துபோன குடும்பங்கள் சொந்த ஆல்பத்திலேயே உறவினர் முகத்தை மையால் அடித்து மறைத்தன.

உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. 1937, 1938 இரண்டே ஆண்டுகளில் சுமார் 6 லட்சத்து 80 ஆயிரம் பேரைச் சுட்டதாக அந்த ரகசியப் போலீஸின் கணக்கே சொல்கிறது. அதற்கு முன்பே 1932–33 பஞ்சத்தில் உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் லட்சம் லட்சமாக மக்கள் செத்தார்கள்.

அப்பாவின் பக்கமும் எனக்குப் புரிகிறது. பண்ணையார்களிடம் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனையும் பட்ட ஜனத்தை நிமிர வைத்த செங்கொடியோடு சேர்ந்துதான் அந்தப் படம் அவரிடம் வந்திருக்கும். 1968இல் வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தியபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. ஹிட்லரைத் தோற்கடித்த படையின் தலைவர் என்ற மரியாதையும் இருக்கும். அந்தப் பற்றை நான் கேவலமாகப் பேச மாட்டேன்.

ஆனால் பேத்தியோடு பேசாமல் இருக்கிறாரே, அதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வீட்டுப் பெரியவர் என்றால் பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். கோபித்துக்கொண்டு எழுந்துபோக அவருக்கு உரிமை கிடையாது. 1932 ஆகஸ்ட் 7இல் ஸ்டாலின் ஒரு சட்டம் கொண்டுவந்தார். கூட்டுப்பண்ணைத் தானியத்தைத் திருடினால் மரண தண்டனை. இரக்கம் காட்டினால் பத்து வருடச் சிறை. அறுத்த வயலில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கிய பசித்த ஜனமும் அதில் மாட்டியது. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக எரிக்கப்பட்டவர்களுக்கு வருஷம் தவறாமல் அஞ்சலி செலுத்துகிறவர், அந்தக் கதிர் பொறுக்கியவர்களுக்கு என்ன சொல்வார்? இதை நீங்கள்தான் அவரிடம் கேட்க வேண்டும், மகன் என்ற முறையில், நேருக்கு நேர்.

முதலில் பரணில் ஏறுங்கள். படத்தைத் துடைத்து அவர் கையில் கொடுத்து, "கேட்காமல் எடுத்தது தப்புப்பா" என்று சொல்லுங்கள். மாட்டுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அப்புறம் மகளைக் கூப்பிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை நீங்களும் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.