எந்த பீன்ஸ் என்று முதலில் சொல்லுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து டிரசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன் நான். பீன்ஸ் செடியின் மருத்துவ குணம் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: டிரசர் ஐயா, இனிப்பு நீருக்கு (சர்க்கரை நோய்க்கு) பீன்ஸ் தோல் கஷாயம் குடிக்கலாமா?

பதில்: எந்த பீன்ஸ், அம்மா? பசாரில் வாங்கும் கச்சாங் புஞ்சிஸும் (பச்சை பீன்ஸ்) ராஜ்மாவும் ஒரே இனம். பயத்தங்காய் வேறு. புஞ்சிஸ் முற்றிக் காய்ந்ததும் விதையை எடுத்துவிட்டு, தோலை மட்டும் கஷாயம் வைப்பது ஐரோப்பியக் கைவைத்தியம். முக்கியமாகச் சிறுநீர் பிரிவதற்கு, சர்க்கரைக்கும் குடித்திருக்கிறார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் வெந்த ராஜ்மாவைச் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். நான் சொல்வது அதைத்தான்.

கேள்வி: ராஜ்மாவை ஊறவைத்து, பச்சையாக அரைத்துக் குடித்தால் எடை குறையுமாமே?

பதில்: குறையும், வாந்தியில்! அதில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நாலைந்து பச்சை விதையே போதும். 1 முதல் 3 மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, அப்புறம் வயிற்றுப்போக்கு. 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடத்துக்குக் குறையாமல் கொதிக்கவிடுங்கள். பிறகு நன்றாக வேகட்டும்.

கேள்வி: ஸ்லோ குக்கரில் வைக்கலாமா?

பதில்: கொதிக்க வைத்த பிறகு வையுங்கள். கொதிக்காத சூட்டில் நச்சு கூடத்தான் செய்யும்.

கேள்வி: ஜி6பிடி குறைபாடுள்ள (ரத்தச் சிவப்பணு எளிதில் சிதையும் பிறவிக் குறை) பிள்ளைக்கு பீன்ஸ் ஆகாதா?

பதில்: ஆகாதது ஃபாவா பீன்ஸ், அது வேறு இனம். புஞ்சிஸ் அல்ல.

கேள்வி: முளைகட்டினால் பச்சையாகத் தின்னலாம்தானே?

பதில்: ராஜ்மா என்றால் கூடாது. பச்சை விதைக்கு மேலே சொன்னதேதான்.

கேள்வி: பீன்ஸ் இலை மூட்டைப்பூச்சியைப் பிடிக்குமா?

பதில்: இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளில் அந்தக் காலத்தில் இரவில் கட்டிலைச் சுற்றி இலையைப் பரப்பி, காலையில் பூச்சியோடு கூட்டி எரிப்பார்களாம். இலையில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி முடிகள் உண்டு. அவை பூச்சியின் காலில் குத்தி இறங்கிவிடும். 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை நுண்ணோக்கியில் காட்டினார்கள். அதேபோல் செயற்கையாகவும் செய்து பார்த்தார்கள். இலை அளவுக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: சும்மா கதை. நான் போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூட மாட்டவில்லை.

பதில்: எந்த இலை, தம்பி?

கேள்வி: வேலியில் படர்ந்த பயத்தங்காய் இலை.

பதில்: தலைப்பைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் மூட்டைப்பூச்சிக்கு மண்ணெண்ணெய்தான் கேட்டது. இலையாவது ஒன்றாவது!

பதில்: கட்டிலில் மண்ணெண்ணெய், பக்கத்தில் கொசுவத்தி. பூச்சியோடு வீடும் போகும்.

கேள்வி: சரி, இந்தச் சூட்டில் புஞ்சிஸ் இலைக்கு எங்கே போவது?

பதில்: குளிரான கேமரன் மலைக்குப் போகிறவர்களிடம் ஒரு பை சொல்லிவிடுங்கள். பூச்சிமருந்து அடிக்காத இலையா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.