ஒரு மைல் தள்ளி ஒரு "டங்"

கேள்வி: எனக்கு 43 வயது. 16 வருடங்களாக டாலஸ் அருகே இருக்கிறேன், கிரீன் கார்டு வந்துவிட்டது. போன வருடம் அலுவலக நண்பர் ஒருவர் மேற்கு டெக்சாஸில் ஒரு பண்ணைக்கு அழைத்துப் போனார். அவருடைய பெரிய ரைஃபிளால் ஒரு மைல் தள்ளி நின்ற இரும்புத் தகட்டை நாலாவது குண்டில் அடித்தேன். அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. இரண்டு மைல் அடித்துவிட வேண்டும். .375 சேடாக் ரைஃபிள், ஸ்கோப், மற்ற சாமான்கள் எல்லாம் சேர்த்து 18,000 டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். மனைவியிடம் சொன்னேன். "ஒரு தகரத்தை அடிக்கவா இவ்வளவு?" என்று கேட்டவள் மூன்று நாள் பேசவில்லை. மகள் இன்னும் நான்கு வருடத்தில் கல்லூரிக்குப் போவாள். நான் செய்வது கிறுக்குத்தனமா? அப்புறம், எச்1பி விசாவில் வந்திருக்கும் மச்சினனும் சுட வருகிறேன் என்கிறான். கூட்டிப் போகலாமா?

– பெயர் வேண்டாம், டாலஸ்

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மச்சினனை இப்போதைக்குக் கூட்டிப் போகாதீர்கள். எச்1பி, மாணவர் விசா, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டம். ரேஞ்சில், அதாவது சுடும் மைதானத்தில், இரவல் வாங்கிப் பத்து நிமிடம் சுட்டாலும், அந்தப் பத்து நிமிடம் துப்பாக்கி அவர் வசம் இருந்ததாகிவிடும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, இன்னும் சில விலக்குகளும் உண்டு. ஆனால் கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் பையன் அதை நண்பர்கள் சொன்னதை வைத்து முடிவு செய்யக் கூடாது. குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு வரட்டும். உங்களுக்கு அந்தத் தடை இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: ரேஞ்சுக்குத் தூக்கிப்போகும் பையை ஊருக்குப் போகும்போது தொடவே தொடாதீர்கள். பக்கவாட்டு ஜிப்புக்குள் மறந்து கிடக்கும் ஒரே ஒரு தோட்டா போதும், சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் முதலில் போலீஸ்காரர் முகத்தில்தான் விழிப்பீர்கள்.

சரி, உங்கள் கிறுக்குக்கு வருவோம். அதே கிறுக்கு எனக்கும் பிடித்து, தெளிந்து, பாதி மிச்சம் இருக்கிறது. அதனால் உங்கள் மனைவி கேட்ட கேள்வியை நானும் நிறைய நாள் யோசித்திருக்கிறேன்.

தகரத்தை அடிப்பதில் ஒன்றும் இல்லை. அடித்த பிறகு காத்திருக்கிறோமே, அங்கேதான் ஆள் மாட்டிக்கொள்கிறான். இரண்டு மைல் என்பது 3,520 யார்டு, நம் கணக்கில் 3.2 கிலோமீட்டர். ட்ரிகரை அழுத்தினால் குண்டு போய்ச் சேர ஏறக்குறைய ஆறு நொடி. தகட்டில் பட்ட சத்தம் திரும்பி வர இன்னும் ஒன்பது நொடிக்கு மேல். ஆகப் பதினைந்து நொடி. அதற்குள் துப்பாக்கியின் உதைப்பு அடங்கி, புழுதி அடங்கி, பக்கத்தில் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (குண்டு விழும் இடத்தைப் பார்க்கும் தொலைநோக்கி) பார்த்துக்கொண்டிருப்பவர் மூச்சைப் பிடித்து, நீங்கள் உங்களையே சந்தேகப்பட்டு முடித்திருப்பீர்கள். அப்புறம் எங்கோ தூரத்தில் மெலிசாக ஒரு "டங்". நீங்கள் ஒரு மைலில் கேட்டது ஏழெட்டு நொடியில் வந்திருக்கும். அதற்கே தூக்கம் போய்விட்டது, பாருங்கள்.

அந்தப் பயணத்தில் குண்டு படும் பாட்டையும் கேளுங்கள். இரண்டு மைல் போவதற்குள் புவியீர்ப்பு அதை நூறு மீட்டருக்கும் அதிகமாகக் கீழே இழுத்துவிடும். அதனால் குழலை இலக்குக்கு நூறு மீட்டருக்கும் மேலே பார்த்துத் தூக்கிவைத்துத்தான் சுட வேண்டும். தோட்டாவுக்குத் தோட்டா வேகத்தில் நொடிக்குப் பத்தடி வித்தியாசம் இருந்தால்கூட, குண்டு ஒரு மீட்டர் அளவுக்கு மேலேயோ கீழேயோ போய்விடும். பூமி சுற்றுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உங்கள் பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோ இருக்கும் அட்சரேகையில் அந்தச் சுழற்சி மட்டுமே இரண்டு மைல் குண்டை முக்கால் மீட்டர் வலப்பக்கம் தள்ளும். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த கொரியாலிஸ் விளைவைக் கண்ணால் பார்க்க நமக்குக் கிடைக்கும் சில இடங்களில் இதுவும் ஒன்று. நம்மூர் இன்ஜினியரிங் ஆசாமிகள் இதில் போய் விழுவதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் இவை எல்லாமே கணக்கு. இருநூறு டாலர் போனில் ஓடும் செயலி போட்டுக் கொடுத்துவிடும். செயலியால் முடியாதது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்போம். இங்கே இலையை அசைக்காத காற்றே போதும். மணிக்கு ஒரு மைல் வேகக் காற்றை நீங்கள் தப்பாகக் கணித்தால், .338 லாபுவா மேக்னம் குண்டு ஒரு மைலில் கிட்டத்தட்ட அரை மீட்டர் தள்ளிப்போகும். அதைவிடப் பெரிய .375 என்றாலும் இரண்டு மைலில் ஒரு மீட்டர் தள்ளும். தகட்டின் அகலமே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் ஒரு காற்று, நடுவில் உள்ள பள்ளத்தில் வேறொரு காற்று, தகட்டுக்குப் பக்கத்தில் இரண்டுக்கும் எதிர்த்திசையில் இன்னொன்று. கையிலிருக்கும் காற்றுமானி முதலாவதை மட்டும் சொல்லும். மற்றவற்றைப் புல் சாய்வதையும் புழுதி போகும் பக்கத்தையும் கானலையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் கூர்மையைக் கொஞ்சம் கலைத்துவைத்துப் பார்த்தால் கானல் ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடும். காற்று நின்றால் நேராக மேலே கொதிக்கும். பழகியவர்கள் அது ஓடும் சாய்வை வைத்தே வேகம் சொல்வார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். உங்கள் 18,000 டாலரில் தூரம் கிடைக்கும். காற்றைப் படிக்கும் கண் கிடைக்காது. அதை 500 டாலர் துப்பாக்கியிலும் கற்கலாம், அதில்தான் கற்க முடியும் என்றுகூடச் சொல்வேன்.

எனக்கு இது தாமதமாகப் புரிந்தது. எடுத்த எடுப்பில் ஒரு .338 வாங்கினேன். ஒரு சனிக்கிழமை முழுக்கக் குண்டுகள் இடமும் வலமுமாகச் சிதறின. காற்றைத் திட்டிக்கொண்டே நாற்பது குண்டு சுட்டேன். வீட்டுக்கு வந்து துடைக்கும்போது பார்த்தால் ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்துவைக்கும் மவுண்டில் ஒரு திருகு லூஸ். வேகம் குறைந்த, விலை குறைந்த துப்பாக்கியில் பழகியிருந்தால் மூன்றாவது குண்டிலேயே அது காற்றில்லை என்று தெரிந்திருக்கும். அன்று மண்ணில் போட்ட குண்டுகளின் விலையை என் மனைவிக்கு இன்றுவரை சரியாகச் சொல்லவில்லை. இந்தப் பத்தியை அவர் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய சாமான் பட்டியலைப் பார்த்தேன். ரைஃபிள் எட்டாயிரம், ஸ்கோப் நாலாயிரம், தூரமானி, காற்றுமானி, வேகமானி எல்லாம் நியாயமான விலைகள்தான், எங்கும் ஏமாறவில்லை. ஆனால் அது கல்யாணச் செலவில் மண்டப வாடகையை மட்டும் எழுதிய மாதிரி இருக்கிறது. .375 சேடாக் தொழிற்சாலைத் தோட்டா ஒன்று பத்து டாலரை ஒட்டி வரும், மேலேயும் போகும். ஒரு நாளைக்கு அறுபது சுட்டால் அறுநூறு டாலர். மாதம் ஒரு முறை போனால் வருடத்துக்கு ஏழாயிரம். சொந்தமாக ரீலோடிங் செய்தால், அதாவது சுட்ட காலிக் கூட்டில் மறுபடி பவுடரும் குண்டும் அடைத்தால், குறையும் என்பார்கள். குறையும்தான், ஆனால் இந்தத் தோட்டா ஒன்று 130 கிரெய்னுக்கு மேல் பவுடரை விழுங்கும். ஒரு பவுண்டு டப்பாவில் 7,000 கிரெய்ன். அதாவது டப்பா ஐம்பது குண்டில் காலி. கடைசலில் கடைந்தெடுத்த செம்புக் குண்டு ஒன்று இரண்டு மூன்று டாலர். பவுடரைப் பற்றவைக்கும் ப்ரைமரும் பித்தளைக் கூடும் தனி. ரீலோடிங் மேசைக்கும் தராசுக்கும் ஆயிரக்கணக்கில் போகும், அதோடு கராஜும் போகும்.

பேரலும், அதாவது குழலும், தேயும். அத்தனை பவுடர் எரியும் சூட்டில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு குண்டுக்குள் அதன் தொண்டை (குண்டு குழலுக்குள் நுழையும் இடம்) அரித்துவிடும். உங்கள் வேகத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு புதுப் பேரல், மாட்டித் தரும் கூலியோடு ஆயிரம் டாலரை ஒட்டி. அப்புறம் இடம். இரண்டு மைல் வெளியும் பின்னால் குண்டைத் தாங்கும் மலையும் எந்தப் பக்கத்து ரேஞ்சிலும் இருக்காது. பெட்ரோல், விடுதி, லீவு என்று அதுவும் உங்கள் பட்டியலில் இல்லை. அந்த லீவில்தான் உங்கள் மனைவியின் மூன்று நாள் மௌனம் இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பணத்தை மட்டும் பேசாமல், எத்தனை சனிக்கிழமை என்பதையும் அவரோடு பேசுங்கள்.

தூரத்தின் மேல் உள்ள மோகம் புதிதில்லை, அதுவும் உங்கள் மாநிலத்திலேயே. 1874 ஜூனில் டெக்சாஸின் வடக்கு மூலையில், அடோபி வால்ஸ் என்ற இடத்தில் எருமை வேட்டைக்காரர்களை கோமாஞ்சி, கயோவா, ஷயான் மக்கள் முற்றுகையிட்டார்கள். தங்கள் மண்ணில் எருமைகளை அழித்துக்கொண்டிருந்தவர்களை விரட்ட வந்தவர்கள் அவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பில்லி டிக்சன் என்ற வேட்டைக்காரர் இரவல் ஷார்ப்ஸ் துப்பாக்கியால் தூரத்துக் குன்றின் மேல் நின்ற குதிரைக்காரர் ஒருவரை வீழ்த்தினார். பின்னாளில் அளந்தவர்கள் 1,538 யார்டு என்றார்கள். இன்றைக்கும் சுடுபவர்கள் அதைப் புராணம் போலச் சொல்வார்கள். டிக்சனோ அது குருட்டு அதிர்ஷ்டம் என்று தானே ஒப்புக்கொண்டார்.

அதே வருடம் செப்டம்பரில், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கிரீட்மூர் மைதானத்தில் அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் 800, 900, 1,000 யார்டு தூரங்களில் மோதின. 934க்கு 931 என்று அமெரிக்கா ஜெயித்தது. அயர்லாந்துக்காரர் ஒருவர் நட்டநடுவில் ஒரு குண்டை அடித்தார், பக்கத்து ஆளின் இலக்கில். நான்கு புள்ளி பூஜ்யமானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று பிரபலமான 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்குப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். எனக்கு டிக்சன் கதையைவிட இந்தக் கதைதான் பிடிக்கும். திரும்பத் திரும்ப அடிக்க முடிகிறதா என்பதைப் பார்த்த போட்டி அது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2022ல் வயோமிங் மாநிலத்தில் ஒரு குழு 4.4 மைல் தூரத்தில் இலக்கைத் தொட்டது. குண்டு 24 நொடிக்கு மேல் பறந்தது. பட்டது 69வது குண்டு. பெரிய காரியம்தான், அந்தக் கணக்குகளைப் போட்டவர்களுக்கு என் வணக்கம். ஆனால் நீங்கள் இரண்டு மைலில் தேடுவது அந்தப் 69வது குண்டையா, இல்லை முதல் மூன்றில் ஒன்றையா? முதலாவது என்றால், நண்பரிடம் தோட்டாக்காசைக் கொடுத்துவிட்டு அவர் துப்பாக்கியிலேயே ஒரு நாள் முழுக்கச் சுட்டுப் பாருங்கள். ஆசை தீர ஆயிரம் டாலருக்குள் ஆகும்.

இரண்டாவது என்றால் வழி வேறு. நல்ல .22 ரிம்ஃபயர் ரைஃபிள் ஒன்றும் அதற்கேற்ற ஸ்கோப்பும் இரண்டாயிரத்துக்குள் முடியும். போட்டித் தரத் தோட்டாவே முப்பது காசை ஒட்டித்தான். 300 யார்டில் அந்தச் சின்னக் குண்டு நான்கு மீட்டருக்கு மேல் விழும், போய்ச்சேர ஒரு நொடி எடுக்கும், சின்னக் காற்றுக்கும் அலையும். பெரிய துப்பாக்கி ஆயிரம் யார்டில் படுத்தும் பாட்டையெல்லாம் இது அங்கேயே படுத்திவிடும். நூறு குண்டு சுட்டாலும் முப்பது டாலர், தோளும் வலிக்காது. ஒரு வருடம் கழித்து 6.5 கிரீட்மூர், ஆயிரம் யார்டு. சேடாக் பேச்சை அதற்கப்புறம் எடுங்கள். இதற்குள் பாதிப் பேர் ஆயிரம் யார்டிலேயே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை.

பட்டியலில் உள்ளதில் இப்போதே வாங்கலாம் என்று நான் சொல்வது ஒரு நல்ல காற்றுமானியும் ஒரு நல்ல பூட்டுப்பெட்டியும் மட்டும். வீட்டில் பதின்வயதுப் பெண் இருக்கும்போது .22 என்றாலும் பெட்டி இல்லாமல் உள்ளே வரக் கூடாது.

நியூ மெக்சிகோவின் ராட்டன் ஊருக்குப் பக்கத்தில் விட்டிங்டன் சென்டர் என்ற சுடும் மைதானம் இருக்கிறது. 33,000 ஏக்கர். "கிங் ஆஃப் டூ மைல்ஸ்" என்ற இரண்டு மைல் சுடும் போட்டி பல வருடங்கள் அங்கேதான் நடந்தது. டாலஸிலிருந்து ஒன்பது மணி நேரம் ஓட்ட வேண்டும். ஒரு கோடைக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள், துப்பாக்கி இல்லாமல். சுடுபவருக்குப் பக்கத்தில் காற்றைச் சொல்ல ஒருவரும் குண்டு விழுந்த இடத்தைப் பார்க்க ஒருவரும் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருங்கள். ஸ்பாட்டிங் ஸ்கோப்பை மனைவியிடம் கொடுத்துக் கானல் ஓடுவதைக் காட்டுங்கள். பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் மலைக் காற்றாவது நன்றாக இருக்கும்.

அதற்கு முன்னால், ஒரு .22 இரவல் வாங்கி, கொஞ்சம் காற்றடிக்கும் நாளாகப் பார்த்து 200 யார்டில் பத்து குண்டு சுட்டு, எத்தனை பட்டது என்று எனக்கு எழுதுங்கள். மண்ணில் போனதையும் சேர்த்து.