மகள் துப்பறிவாளர் ஆகணும் என்கிறாள்: கவலைப்படும் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

பள்ளிப் படிப்பை முடிக்கப் போகும் மகள், தனியார் துப்பறிவாளர் ஆவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். இதெல்லாம் ஒரு வேலையா, பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பா, இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் பயப்படும் வேலையும் அவள் ஆசைப்படும் வேலையும் திரையில் வருகிற வேலை. நிஜத் தொழில் எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டால், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இது புதிதாக முளைத்த தொழில் இல்லை. 1833-ல் பாரிஸில் விடாக் என்பவர் தனியார் விசாரணை அலுவலகம் திறந்தார். 1850-ஐ ஒட்டி சிகாகோவில் பிங்கர்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனம் வந்தது. 1856-ல் அங்கே கேட் வார்ன் என்ற பெண் வேலை கேட்டுப் போனார். ஆண்களால் நுழைய முடியாத இடங்களில் ஒரு பெண்ணால் பேச்சுக் கொடுத்துத் தகவல் திரட்ட முடியும் என்று வாதாடியே வேலையை வாங்கினார். 1861-ல் அமெரிக்க அதிபராகப் பதவியேற்கப் போன லிங்கனைக் கொல்லச் சதி நடக்கிறது என்ற சந்தேகம் எழுந்தபோது, அவரை ரகசியமாக ரயிலில் அழைத்துச் சென்ற குழுவில் கேட் வார்னும் இருந்தார். பெண்களுக்கு ஒத்துவராத துறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கொலை வழக்குகள் காவல்துறையின் வேலை. தனியார் புலனாய்வாளருக்குச் சோதனையிடும் அதிகாரமோ சம்மன் அனுப்பும் அதிகாரமோ கிடையாது. கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று ஒருவர் கதவைச் சாத்தினால் திரும்பி வர வேண்டியதுதான். இவர்களிடம் வருகிற வேலைகள் வேறு மாதிரி: காப்பீட்டு மோசடிச் சந்தேகம், கூட்டாளியாகச் சேரப் போகிறவரின் பின்னணி, கடனைக் கட்டாமல் மறைந்தவரின் சொத்து, போலிப் பொருள் விற்பவர்கள், காணாமல் போன உறவினர், குடும்பத் தகராறு.

இதில் பெரும்பகுதி நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. கையில் காசே இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்லும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைத் தெருத்தெருவாகத் துரத்த வேண்டியதில்லை. நிறுவனப் பதிவுகளில் அவர் எங்கெல்லாம் இயக்குநராக இருந்தார், எப்போது விலகினார், அவர் இடத்துக்கு யார் வந்தார்கள் என்று பார்ப்பார்கள். புதியவரின் முகவரியும் பழையவரின் முகவரியும் ஒன்றாக இருந்தால் அங்கே ஒரு துப்பு கிடைக்கும். அப்புறம் நிலப் பதிவு, அடமானம், பழைய வழக்குகள். வேறொரு வழக்கில், வேறொரு தேவைக்காக, அவரே தன் சொத்துகளைப் பட்டியலிட்டிருக்கக்கூடும். பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக அவர்தான் இவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிறந்த தேதி, கையெழுத்து, முகவரி என்று தனித்தனி இடங்களிலிருந்து உறுதி செய்ய வேண்டும். ஒரே பெயர் கொண்ட வேறொருவரைப் பற்றித் தவறான அறிக்கை போனால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் வாழ்க்கை அடிபடும்.

பின்தொடர்தலும் உண்டு. மகளின் கனவில் இதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். முந்தைய நாளே போய் அந்த இடத்தில் எத்தனை வாசல், வண்டியை எங்கே நிறுத்தினால் யாருக்கும் உறுத்தாது என்று பார்த்து வைப்பார்கள். ஒற்றை ஆளாகப் பின்தொடர்ந்தால் ஒரு சிக்னலிலேயே தவறவிட்டுவிடலாம். அதனால் முடிந்தவரை இரண்டு வண்டி, மாறி மாறி முன்னால் போகும். பல நாட்கள் எதுவுமே நடக்காது. விடியற்காலையிலிருந்து வண்டிக்குள் உட்கார்ந்து, போனைக்கூட நோண்டாமல், ஒரு கதவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அன்று எதுவும் நடக்கவில்லை என்றால் அதையும் நேரம் போட்டு எழுத வேண்டும்.

அந்த எழுத்தில்தான் தொழிலே இருக்கிறது. முதுகில் அடிபட்டதாகச் சொல்லி இழப்பீடு கேட்பவரைக் கவனிக்கிறாள் என்று வையுங்கள். "இவர் நடிக்கிறார்" என்று எழுதினால் அந்த அறிக்கை எதற்கும் உதவாது. "காலை 10.42: வலது தோளில் ஒரு மூட்டையுடன் 6 படிகள் ஏறினார். 10.44: வெறுங்கையுடன் இறங்கினார். இடையில் நிற்கவில்லை" என்று எழுத வேண்டும். இதில் நியாயமும் இருக்கிறது, அம்மா. முதுகுவலி உள்ளவருக்கும் நல்ல நாள் ஒன்று உண்டு. மூட்டை தூக்கிய பிறகு அவர் இரவெல்லாம் வலியில் கிடந்தாரா என்று கேமராவுக்குத் தெரியாது. பார்த்ததை மட்டும் எழுதுவது அவளுடைய வேலை. முடிவு சொல்வதற்கு மருத்துவரும் நீதிபதியும் இருக்கிறார்கள். நாளைக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கூண்டில் நிற்க வைத்து வரிவரியாகக் கேட்பார். அப்போது ஊகம் கலந்த ஒரு வரி மொத்த அறிக்கையையும் சாய்த்துவிடும்.

கணினி சார்ந்த பகுதி வேகமாக வளர்ந்திருக்கிறது. ஒரு படம் இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்று தேடுவது, அழிக்கப்பட்ட பக்கத்தின் பழைய பிரதியை எடுப்பது போன்றவை அன்றாட வேலை. ஹார்ட் டிஸ்க்கை ஆராயும்போது மூலத்தைத் தொடாமல் பிரதி எடுத்து, இரண்டும் ஒன்றே என்று ஹாஷ் மதிப்பால் (தரவிலிருந்து கணக்கிடப்படும், விரல்ரேகை போன்ற ஓர் அடையாளக் குறி) காட்டுவார்கள். ஆதாரம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு ஓரிடத்தில் விட்டுப்போனாலும் சிக்கல்தான்.

உங்கள் பாதுகாப்புக் கேள்விக்கு வருகிறேன். தெருவில் வரும் ஆபத்தைவிட, சட்டத்தை மீறச் சொல்லும் வாடிக்கையாளரும் முதலாளியும்தான் எனக்குப் பெரிய கவலை. பிரிட்டனில் ஒரு பத்திரிகைக்காக அடுத்தவர்களின் குரலஞ்சலை (வாய்ஸ்மெயில்) ஒட்டுக்கேட்ட தனியார் புலனாய்வாளர் 2007-ல் சிறைக்குப் போனார். 2011-ல் அந்தப் பத்திரிகையே மூடப்பட்டது. வாடிக்கையாளராக நடித்து வங்கியிடம் கணக்கு விவரம் கறப்பதை அமெரிக்கா 1999-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. ஒருவரின் அழைப்புப் பட்டியலை விலைக்கு வாங்குவது, கணவரின் போனில் உளவுச் செயலி ஏற்றுவது, கண்காணிப்புக் கருவியைத் திருட்டுத்தனமாக வண்டியில் ஒட்டுவது போன்றவை பல நாடுகளில் குற்றம். "எல்லாரும் செய்கிறார்கள்" என்று முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற இடத்திலிருந்து அவள் அன்றே வெளியேற வேண்டும்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. காணாமல் போன மனைவியைத் தேடித் தரச் சொல்லி ஒருவர் கண்ணீரோடு வருவார். அந்தப் பெண் அடிதாங்காமல் ஓடியவளாக இருக்கலாம். நல்ல புலனாய்வாளர், கண்டுபிடித்த பிறகும் முகவரியை அப்படியே தூக்கிக் கொடுக்க மாட்டார். அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி, தொடர்புகொள்வதா வேண்டாமா என்ற முடிவை அவளிடமே விடுவார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து வழக்கை விடும் துணிச்சலும் வேண்டும். உங்கள் மகளுக்கு இந்த இடத்தில் மனம் உறுத்தும் என்றால், அவள் இந்தத் தொழிலுக்குத் தேவையானவள்.

சரி, என்ன படிக்கலாம்? சில வாரங்களில் துப்பறிவாளர் ஆக்குகிறோம், வேலையும் உறுதி என்று சொல்லும் சான்றிதழ் படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள். கலிபோர்னியாவில் உரிமம் பெற 6,000 மணி நேர விசாரணைப் பணி அனுபவம் கேட்கிறார்கள். சட்டப் பட்டம் இருந்தால் 4,000 போதும். பிரிட்டனில் 2001-ல் சட்டம் வந்தும் தனியார் புலனாய்வுக்கான உரிம முறை நடைமுறைக்கு வரவே இல்லை. நாட்டுக்கு நாடு இப்படி மாறுகிறது. அதனால் வேறு வேலைக்கும் கைகொடுக்கும் ஒரு பட்டம் கையில் இருக்கட்டும். என் முதல் தேர்வு சட்டம். கணக்கில் ஆர்வம் இருந்தால் வணிகவியல் படித்து மோசடிக் கணக்காய்வுக்குப் போகலாம்; அந்தத் துறையில் சிஎஃப்இ (Certified Fraud Examiner, மோசடி ஆய்வாளர்) சான்றிதழுக்கு உலகெங்கும் மதிப்பு உண்டு. கணினிதான் பிடிக்கும் என்றால், கணினியிலும் போனிலும் உள்ள ஆதாரங்களை ஆராயும் டிஜிட்டல் தடயவியல்.

வருமானம் ஆரம்பத்தில் சீராக வராது. தனியாகத் தொழில் தொடங்கினால் இன்னும் கடினம். ஆனால் இந்தப் பயிற்சியோடு வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவு, காப்பீட்டு நிறுவனம், வழக்கறிஞர் அலுவலகம் என்று மாறிக்கொள்ள வழி இருக்கிறது. எங்காவது பயிற்சிக்குச் சேர்வதற்கு முன், இரவுப் பணியில் அவள் இருக்கும் இடம் யாருக்குத் தெரியும், வாடிக்கையாளரிடம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வாங்குகிறார்களா, கடைசியாக எந்த மாதிரி வழக்கை வேண்டாம் என்று சொன்னார்கள் என்று கேட்கட்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் வராத இடம் வேண்டாம்.

இந்த விடுமுறையில் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆள் நடமாட்டமுள்ள பொது இடத்தில் 2 மணி நேரம் உட்கார்ந்து, யாரையும் பின்தொடராமல், படம் எடுக்காமல், நடப்பதை நேரத்தோடு எழுதட்டும். மறுநாள் அதை எடுத்து, ஊகமாக எழுதிய ஒவ்வொரு சொல்லையும் அவளே அடிக்கோடிடட்டும். அடுத்த முறை வரும்போது அந்தத் தாள்களோடு அவளையும் அழைத்து வாருங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பாடப்பிரிவைப் பேசுவோம்.